ஊருக்கு வெளியே ஒரு கூரை: சைக்கிள் கிளப்புகள் கட்டிய கிராமத்து வீடுகள்

சைக்கிள் கிளப் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது ஒரு வாட்ஸ்அப் குழு, ஞாயிறு விடியற்காலையில் பெட்ரோல் பங்க் வாசலில் கூடும் பத்துப் பேர், ஒரே நிறத்தில் ஜெர்சி. கிளப்புக்கென்று இடம் எதுவும் தேவைப்படுவதில்லை. ஆனால் நூறு, நூற்றிருபது வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் சில சைக்கிள் கிளப்புகள் வீடு பிடித்தன, சில இடங்களில் நிலம் வாங்கிக் கட்டவும் செய்தன. அதுவும் நகரத்துக்குள் இல்லை. பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி, வயலும் ஓடையும் இருக்கும் கிராமத்துப் பக்கம். அந்த உறுப்பினர்களில் பலர் ஆலையில் கூலி வேலை பார்த்தவர்கள். இது எப்படி நடந்தது என்பதைப் பார்ப்போம். சைக்கிள் வரலாறு பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம்.

முதலில், கிராமத்து கிளப் ஹவுஸ் என்றால் என்ன? ஊரை விட்டு சைக்கிளில் கிளம்பி வரும் உறுப்பினர்கள் இறங்கி இளைப்பாற, டீ குடிக்க, கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட, நனைந்த துணியை உலர்த்த, பஞ்சர் ஒட்ட, வசதி இருந்தால் ஓர் இரவு தங்க என்று கிளப்பே நடத்தும் வீடு. நகரத்தில் மாதக் கூட்டம் போடுவதற்காக ஒரு மதுக்கடையின் மாடி அறையை எடுத்து அதைத் 'தலைமையகம்' என்று சொல்லிக்கொள்வது தனி வழக்கம், அது அந்தக் காலத்தில் எல்லா கிளப்புக்கும் இருந்தது. நாம் பேசப்போவது பயணத்தின் மறுமுனையில் இருந்த வீட்டைப் பற்றி.

மறுமுனை ஏன் முக்கியம் என்றால், ஒரு நாள் சைக்கிள் பயணம் என்பது போய்த் திரும்புவது. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறோமோ அவ்வளவு களைப்பு, பசி, ரிப்பேர் பயம். 1880களின், 90களின் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். கியர் ஒன்றுதான். பல வண்டிகளில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், இறக்கத்திலும் காலுக்கு ஓய்வு கிடையாது. சாலையில் தார் இல்லை. வெயிலில் வெள்ளைப் புழுதி, மழையில் சேறு. உடம்பில் கம்பளித் துணி, நனைந்தால் லேசில் காயாது. இந்த நிலைமையில் இருபது கிலோமீட்டர் போனவருக்கு நடுவில் ஒரு கூரை வேண்டும். அந்தக் கூரை யாருடையது என்பதுதான் இந்த வரலாறு முழுக்க ஓடும் கேள்வி. முதலில் அது விடுதிக்காரருடையது, பிறகு வாடகைக்கு எடுத்தது, கடைசியில் ஒரு சில இடங்களில் சொந்தமானது.

விடுதிகளின் காலம்

பிரிட்டனில் சைக்கிள் கிளப்புகள் 1870களில் பெருகின. லண்டனில் ஹாக்னி பக்கம் 1870-ல் தொடங்கிய பிக்விக் பைசிக்கிள் கிளப் இன்றும் இருக்கிறது. அப்போது முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கும் பெரிய வண்டிகள்தான். விலையும் அதிகம், விழுந்தால் அடியும் பலம். ஓட்டியவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டு இளைஞர்கள். சீருடை, தலைவர், முன்னால் போய்க் கொம்பு ஊத ஒருவர் என்று சிறு படை மாதிரிதான் கிளம்புவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வழியில் ஏதாவது விடுதி.

அந்த விடுதிகளுக்கு அப்போது நல்லதொரு தேவை இருந்தது. நெடுஞ்சாலை விடுதிகள் குதிரை வண்டிப் பயணிகளை நம்பி வளர்ந்தவை. ரயில் வந்தபின் குதிரை வண்டிகள் நின்றன, லாயங்கள் காலியாகின. காலியான லாயத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து சாப்பிடும் இளைஞர் கூட்டம் அவர்களுக்குப் புது வாழ்வு கொடுத்தது. லண்டனிலிருந்து தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் ரிப்லி என்ற கிராமம் இதற்கு நல்ல சாட்சி. அங்கே ஆங்கர் என்ற விடுதியை டிபிள் குடும்பத்துப் பெண்கள் நடத்தினார்கள். ஞாயிறு தவறாமல் லண்டன் சைக்கிள்காரர்கள் அங்கே குவிந்தார்கள். வந்தவர்கள் கையெழுத்துப் போட விருந்தினர் பதிவேடு வைத்திருந்தார்கள். அந்தச் சாலையே சைக்கிள்காரர்களின் புனிதத் தலத்துக்குப் போகும் வழி என்று பேர் வாங்கியது. விடுதியை நடத்திய பெண்கள் மறைந்தபோது கிராமத்து தேவாலயத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் வைக்கும் அளவுக்கு அந்த உறவு வளர்ந்திருந்தது.

வடக்கு நோக்கிப் போகும் பெரிய சாலையில் பிகிள்ஸ்வேட் என்ற ஊர். அங்கே ஆங்லி ஆர்ம்ஸ் விடுதி. அந்த வீட்டுப் பிள்ளை டேன் ஆல்போன் சைக்கிள் தயாரிப்பாளர். ஐவெல் என்ற பேரில் சைக்கிள் செய்தார், பிற்காலத்தில் 1902-ல் விவசாயத்துக்கான மோட்டார் வண்டியையும் வடிவமைத்தார். சாப்பாடும் சைக்கிள் பட்டறையும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததால் நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஊர் தங்குமிடமாகவே ஆனது. கிளப் ஹவுஸ் என்ற எண்ணத்தின் விதை இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பலகை விடுதிக்காரருடையது, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அது சைக்கிள்காரர்களின் வீடு.

இந்த ஏற்பாட்டை முறைப்படுத்தியது சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப். 1878-ல் ஹாரகேட் நகரத்தில் தொடங்கியது, தொடக்கப் பேர் பைசிக்கிள் டூரிங் கிளப். நாடு முழுக்க விடுதிகளோடு பேசி, உறுப்பினர்களுக்குச் சாப்பாடு இவ்வளவு, படுக்கை இவ்வளவு என்று விலை நிர்ணயித்து, கைப்புத்தகத்தில் அச்சடித்தார்கள். ஒப்புக்கொண்ட விடுதியின் வாசலில் சிறகு முளைத்த சக்கரம் போட்ட இரும்புப் பலகை தொங்கும். பலகையைப் பார்த்தால் நம்பி இறங்கலாம். 1899-ல் அந்த அமைப்புக்கு 60,449 உறுப்பினர்கள். அந்த நாளுக்கு அது பெரிய எண்ணிக்கை.

சரி, இவ்வளவு நல்ல ஏற்பாடு இருக்கும்போது சொந்த வீடு எதற்கு?

ஹாட்பாய் விடுதியில் நடந்தது

1898 அக்டோபர். ரிப்லிக்குப் பக்கத்தில் ஆக்கம் என்ற கிராமம். அங்கே ஹாட்பாய் என்ற விடுதி, வாசலில் சிறகுச் சக்கரப் பலகை. ஹார்பர்டன் சீமாட்டி தனியாக சைக்கிளில் வந்து இறங்கி மதிய உணவு கேட்கிறார். அவர் போட்டிருந்தது நீளப் பாவாடை இல்லை. முழங்காலுக்குக் கீழே கட்டிய, தொளதொள கால்சட்டை. பெண்கள் ஓடியாடி வேலை செய்ய வசதியான உடை வேண்டும் என்று பல வருடங்களாக இயக்கம் நடத்திவந்தவர் அவர். சைக்கிளின் சங்கிலியில் பாவாடை மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

விடுதியை நடத்திய அம்மாள் அவரைப் பெண்கள் உட்காரும் சாப்பாட்டு அறைக்குள் விடவில்லை. மதுக்கடைப் பக்கத்து அறையில் வேண்டுமானால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார். அங்கே உள்ளூர் ஆண்கள் உட்கார்ந்து குடித்துக்கொண்டும் புகைத்துக்கொண்டும் இருந்தார்கள். சீமாட்டி வெளியேறினார். டூரிங் கிளப் இதை விடவில்லை. வழிப்போக்கருக்கு உணவு மறுப்பது இங்கிலாந்துச் சட்டப்படி விடுதிக்காரர் செய்யக் கூடாத குற்றம் என்று 1899-ல் வழக்குப் போட்டது. வழக்கு தோற்றது. உணவு மறுக்கப்படவில்லையே, வேறு அறையில் தருவதாகத்தானே சொன்னார் என்று நடுவர்கள் விடுதிக்கார அம்மாளை விடுவித்தார்கள்.

இந்த வழக்கைப் பெண்கள் உடை பற்றிய வழக்காகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் இன்னொரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. வாசலில் பலகை தொங்கினாலும், கைப்புத்தகத்தில் விலை அச்சாகியிருந்தாலும், யாரை எந்த அறையில் உட்கார வைப்பது என்று முடிவு செய்தது வீட்டுக்குச் சொந்தக்காரர். பட்டம் பெற்ற பிரபு குடும்பத்துப் பெண்ணுக்கே இதுதான் கதி. அப்படியென்றால் நூல் ஆலையில் வேலை செய்யும் பெண், எண்ணெய்க் கறை போகாத கையோடு ஞாயிறு மத்தியானம் உள்ளே வந்தால்? சாப்பாட்டு அறையின் விலையும் அவருக்குக் கட்டுபடியாகாது. ஒரு கோப்பை டீயை வாங்கிவிட்டு, மடியில் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட எந்த விடுதியும் விடாது. குடிப்பழக்கம் வேண்டாம் என்று இருந்தவர்களுக்கு மதுக்கடை வாசலே பிடிக்காது.

கூலிக்காரர் கைக்கு சைக்கிள் வந்தது

இந்தக் கேள்வி எழுவதற்கே தொழிலாளி கையில் சைக்கிள் இருக்க வேண்டும். அது வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர், இன்று நாம் ஓட்டும் வண்டியின் உருவத்தைக் கொண்டுவந்தது: இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுச் சக்கரம், பின்சக்கரத்துக்குச் சங்கிலி. 1888-ல் டன்லப் காற்று டயர். 1890களின் நடுவில் பணக்காரர்களுக்கு சைக்கிள் பைத்தியம் பிடித்தது, தொழிற்சாலைகள் தேவைக்கு மேல் தயாரித்துத் தள்ளின, பிறகு விலை சரிந்தது. பணக்காரர்கள் கழித்துப்போட்ட பழைய வண்டிகள் சந்தைக்கு வந்தன. தவணையிலும் வாங்க முடிந்தது. இன்னொரு பக்கம் நேரம். தொழிற்சாலைச் சட்டங்களால் நெசவு ஆலைகளில் சனிக்கிழமை அரை நாள் விடுமுறை வந்திருந்தது. 1901 சட்டப்படி சனிக்கிழமை மத்தியானம் 12 மணிக்கு ஆலைச் சக்கரம் நிற்க வேண்டும். சனி மத்தியானமும் ஞாயிறும், கையில் ஒரு சைக்கிள். கரிப்புகை சூழ்ந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நினைத்தாலே மனம் நெகிழ்கிறது.

இந்தக் கூட்டத்தை ஒன்று சேர்த்தது ஒரு வாரப் பத்திரிகை. 1891-ல் மான்செஸ்டரில் ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டும் நண்பர்களும் தொடங்கிய கிளேரியன். சமதர்மக் கருத்துகளைச் சிரிப்பும் பாட்டுமாகச் சொன்ன பத்திரிகை. அதை விரும்பிப் படித்த சிலர் 1894 பிப்ரவரியில் பர்மிங்காமில் கூடி ஒரு சைக்கிள் கிளப் தொடங்கினார்கள். டாம் குரூம் அதன் முன்னோடி. சீக்கிரமே பத்திரிகையின் பேரையே கிளப்புக்கும் வைத்துக்கொண்டார்கள். மற்ற நகரங்களிலும் கிளைகள் முளைத்தன. 1895 ஈஸ்டரில் டெர்பிஷயரில் ஆஷ்போர்ன் என்ற ஊரில் எல்லாக் கிளைகளும் கூடி தேசிய அமைப்பாக இணைந்தன. கிராமம் கிராமமாக சைக்கிளில் போய் பத்திரிகையும் துண்டறிக்கையும் கொடுப்பது, சந்தை மேடையில் பேசுவது, பாடுவது. வழியில் இரண்டு கிளேரியன்காரர்கள் சந்தித்தால் ஒருவர் 'பூட்ஸ்!' என்று கத்துவார், மற்றவர் 'ஸ்பர்ஸ்!' என்று பதில் கத்துவார். அது அவர்களுடைய வணக்கம்.

கூடாரத்திலிருந்து வீடு

மான்செஸ்டர்காரர்கள் முதலில் கட்டிடத்துக்குப் போகவில்லை. 1895-ல் செஷையரில் நட்ஸ்ஃபோர்டு ஊருக்குப் பக்கத்தில் டாப்லி புரூக் என்ற ஓடைக்கரையில் கூடாரம் போட்டார்கள். வார இறுதியில் வருவது, ஓடையில் குளிப்பது, கூட்டாகச் சமைப்பது, ராத்திரி பாட்டு, மறுநாள் மாலை ஊர் திரும்புவது. இங்கிலாந்து மழையில் கூடார வாழ்க்கை எத்தனை மாதம் தாங்கும்? கோடை முடிந்ததும் முடிந்தது. வருடம் முழுக்கப் போக ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்துதான் வலுத்தது. 1897-ல் அதே வட்டாரத்தில் பக்லோ ஹில் என்ற இடத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். மான்செஸ்டர் நடுப்பகுதியிலிருந்து சுமார் 12 மைல். கிளேரியன் கிளப் ஹவுஸ்களில் இது முதலாவது.

12 மைல் என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் ஆலை விட்டு, வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டுக் கிளம்பினால் மாலை டீக்கு அங்கே போய்ச் சேரலாம். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார்கள். ஊர்ப் புகை எட்டாத தூரம், ஆனால் ஞாயிறு இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடிய தூரம். கிராமத்து கிளப் ஹவுஸ்களின் இடத்தைத் தீர்மானித்தது இந்தக் கணக்குதான்.

வீட்டை நடத்துவதும் உறுப்பினர்கள்தான். சந்தாப் பணம், தங்குகிறவர்கள் கொடுக்கும் சிறு கட்டணம், டீ விற்ற காசு. லாபம் என்று யாரும் எடுத்துப் போவதில்லை. பெண்கள் தனியாக வந்தாலும் யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. உடையைப் பற்றிக் கேட்பதற்கு விடுதிக்காரர் இல்லை. பெண்களைச் சேர்க்காத சைக்கிள் கிளப்புகள் நிறைய இருந்த காலத்தில் கிளேரியனில் பெண்கள் சேர்ந்தார்கள், ஆண்களோடு சேர்ந்தே பயணம் போனார்கள்.

அவர்களில் இரண்டு பேரைப் பின்னாளில் உலகமே அறிந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட், சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் சகோதரிகள். 1896 வாக்கில் பதின்வயதில் மான்செஸ்டர் கிளேரியன் கிளப்பில் சேர்ந்தார்கள். அக்காவுக்கு அப்பா வாங்கித் தந்தது விலை உயர்ந்த ரட்ஜ்-விட்வர்த் சைக்கிள். தங்கையின் சைக்கிள், கிளப் தோழர் ஒருவர் கேஸ் குழாய்களை வைத்துச் செய்து கொடுத்தது. எவ்வளவு கனமாக இருந்திருக்கும்! அக்கா முன்னால் பறக்க, இவர் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு பின்னால். இதை சில்வியாவே எழுதி வைத்திருக்கிறார். விடுதிச் சாப்பாட்டு அறையில் உட்கார முடியாத ஒரு தலைமுறைக்கு இந்த வீடுகள் எப்படிப்பட்ட இடமாக இருந்திருக்கும் என்று யோசிக்க இந்த ஒரு சைக்கிளே எனக்குப் போதும்.

பக்லோ ஹில் வாடகை இடம் நிரந்தரமாகவில்லை. 1903-ல் மான்செஸ்டர்காரர்கள் அதே செஷையரில் ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊரில் வேறு கிளப் ஹவுஸ் திறந்தார்கள். மற்ற வட்டாரங்களிலும் கிளேரியன் வீடுகள் திறந்தன, மூடின. வாடகை வீட்டின் கதை எங்கும் ஒன்றுதான். குத்தகை முடியும், நிலக்காரர் வேறு யோசனை வைத்திருப்பார், கூரை ஒழுகும், செப்பனிடுவதா விடுவதா என்று தகராறு வரும். அரசியல் பேசும் கூட்டம் என்றால் நிலக்காரர் தயங்கவும் செய்வார்.

நெசவாளர் கொடுத்த கடன்

இனி நெல்சன். லங்காஷயரில் பெண்டில் மலையடிவாரத்தில் இருக்கும் பருத்தி நெசவு நகரம். பழைய ஊரே இல்லை. லார்டு நெல்சன் என்ற விடுதியின் பேரிலிருந்து ஊருக்குப் பேர் வந்தது. ஆலைகள் பெருகி 1911 கணக்கெடுப்பில் 39,000 பேருக்கு மேல் வாழும் நகரமாகிவிட்டது. ஏறக்குறைய எல்லாரும் தறியை நம்பி வாழ்ந்தார்கள். லங்காஷயர் நெசவில் ஒரு சிறப்பு உண்டு: ஆணும் பெண்ணும் ஒரே துண்டுக்கூலி விகிதத்தில் வேலை செய்தார்கள். அதனால் பெண்கள் கையில் சொந்தக் காசு புழங்கியது, தொழிற்சங்கத்திலும் அவர்கள் பெருமளவில் இருந்தார்கள்.

1893-ல் பிராட்ஃபோர்டில் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சிக்கு நெல்சனில் பலமான கிளை. அவர்களும் கிளேரியன் சைக்கிள்காரர்களும் நடைப்பயணக்காரர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். 1899 முதல் பெண்டில் பள்ளத்தாக்கில் வாடகை இடங்களில் கிளேரியன் வீடு நடத்தினார்கள். கூட்டம் இடம் கொள்ளவில்லை, ஓர் இடம் விட்டு இன்னோர் இடம் மாறினார்கள். கடைசியில் சொந்தமாகக் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

பணம்? நெல்சன் நெசவாளர் சங்கம் 350 பவுண்டு கடன் கொடுத்தது. நான்கு தறி ஓட்டிய நெசவாளர் அன்று வாரத்துக்கு 25 ஷில்லிங் அளவில் சம்பாதித்தார், ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். கணக்குப் போட்டால் ஒருவர் ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு காசு செலவழிக்காமல் சேர்க்க வேண்டிய தொகை. வாரச் சந்தாவாகப் பென்னி பென்னியாகச் சேர்ந்த சங்கப் பணத்தை, சங்கத்தின் வேலைக்காக இல்லாமல், உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமை மலைக்காற்று வாங்க ஒரு வீடு கட்டக் கொடுத்தார்கள். ஓய்வும் கூலியைப் போலவே தொழிலாளியின் உரிமை என்று நம்பியவர்களால்தான் அப்படிக் கொடுக்க முடியும்.

ரஃப்லீ கிராமத்துக்குப் பக்கத்தில் ஜின்னி சந்து என்ற சின்னச் சாலையோரம், நெல்சனிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில், 1912-ல் வீடு திறந்தது. பெரிய கட்டிடம் எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாடி இல்லாத ஒரே நீளக் கூடம், ஒரு சமையல் பக்கம், வெளியே புல்வெளி. நிலமும் வீடும் தனி ஆள் பேரில் இல்லை. நெல்சன் கட்சிக் கிளையினர் இதற்கென்றே அமைத்த நிலச் சங்கத்தின் பேரில் இருக்கின்றன. தங்கும் அறைகள் வைத்து செலவை இழுத்துக்கொள்ளவில்லை. நகரத்திலிருந்து தூரம் குறைவு என்பதால் ராத்திரி தங்க வேண்டிய அவசியமும் இல்லை. சாப்பாடும் சமைத்துப் போடுவதில்லை. டீதான் முக்கிய விற்பனை, அதுவும் அரை லிட்டருக்கு மேல் பிடிக்கும் பெரிய பைன்ட் குவளையில். சாப்பாடு அவரவர் கட்டிக்கொண்டு வர வேண்டும். மது இல்லை. நெல்சனில் மெதடிஸ்ட் தேவாலயங்களின் செல்வாக்கு அதிகம், குடிக்கு எதிரான எண்ணம் தொழிலாளர் இயக்கத்துக்குள்ளும் ஊறியிருந்தது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பமாக வர இதுவே பெரிய வசதியாயிற்று.

ஹாட்பாய் விடுதியோடு இதை வைத்துப் பாருங்கள். அங்கே கட்டுச்சோறு பிரிக்க முடியாது, இங்கே கட்டுச்சோறுதான் முறை. அங்கே எந்த அறை என்பது விடுதிக்காரர் முடிவு, இங்கே இருப்பதே ஒரு கூடம்.

மற்ற நாடுகளில்

இது இங்கிலாந்தின் தனிக்கதை என்று நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியில் 1896-ல் ஆஃபன்பாக்கில் தொடங்கிய தொழிலாளர் சைக்கிள் சங்கமான சாலிடாரிட்டேட், முதல் உலகப் போருக்கு முன்பே ஒன்றரை லட்சம் உறுப்பினர் அளவுக்கு வளர்ந்தது. ஃப்ரிஷாஃப் என்ற பேரில் சொந்தமாக சைக்கிள் தொழிற்சாலையே நடத்தியது. வியன்னாவில் 1895-ல் தொடங்கிய இயற்கை நண்பர்கள் இயக்கம், தொழிலாளர்கள் மலையேறப் போகும்போது தங்குவதற்கென்று மலை வீடுகளைக் கட்டியது. முதல் வீடு 1907-ல் டிரோல் மலைகளில். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் சாலிடாரிட்டேட் தடை செய்யப்பட்டது, சொத்துகள் பறிக்கப்பட்டன. ஜெர்மனி முழுக்க இயற்கை நண்பர்களின் வீடுகளுக்கும் அதே கதி. சொந்த நிலம் இருந்தாலும் அரசாங்கமே பறிக்க வந்தால் எதுவும் நிற்காது.

ஏன் குறைந்து போயின

கிளேரியன் சைக்கிள் கிளப் முதல் உலகப் போரில் பெரிய அடி வாங்கியது. இளைஞர்கள் போருக்குப் போனார்கள். பிளாட்ச்ஃபோர்ட் போரை ஆதரித்ததை அவரது வாசகர்களில் பலர் ஏற்கவில்லை. ஆனாலும் கிளப் மறுபடி எழுந்து 1936-ல் 8,000 உறுப்பினர்களைத் தாண்டியது. பத்திரிகை அதற்குள் நின்றுபோயிருந்தது.

வீடுகள் விஷயத்தில் வேறொரு மாற்றம் நடந்தது. 1930-ல் இங்கிலாந்தில் இளைஞர் விடுதிச் சங்கம் தொடங்கியது. ஒரு ராத்திரிக்கு ஒரு ஷில்லிங். எந்த கிளப்பில் இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், சைக்கிளிலோ நடந்தோ வந்தால் படுக்கை. நாடு முழுக்க விடுதிகள் திறந்தன. சாலையோரத்தில் சைக்கிள்காரர்களுக்கென்றே டீக்கடைகளும் வந்தன. ஒவ்வொரு கிளப்பும் தனித்தனியாக வீடு வைத்துக் கூரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டிய தேவை குறைந்தது. கிளப் ஹவுஸ்கள் தோற்றுப்போயின என்று நான் சொல்லமாட்டேன். அவை நிரூபித்துக் காட்டிய தேவையை இன்னும் பெரிய அமைப்பு கையில் எடுத்துக்கொண்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது கார். பிரிட்டனில் 1949-ல் மக்கள் சைக்கிளில் போன மொத்தத் தூரம் சுமார் 2,400 கோடி கிலோமீட்டர். 1973-ல் அது 400 கோடிக்கும் கீழே விழுந்துவிட்டது. கால் நூற்றாண்டுக்குள் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிய கூட்டத்தை நம்பி, மாதம் தவறாமல் வாடகை கட்டி, கிராமத்தில் ஒரு வீட்டை யாரால் வைத்திருக்க முடியும்? கிளேரியன் வீடுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ரஃப்லீ மட்டும் நின்றது. அதற்கு உணர்ச்சிகரமான காரணங்களைப் பலர் சொல்வார்கள், அவற்றிலும் உண்மை உண்டு. எனக்குத் தெரியும் முதல் காரணம் அந்த 350 பவுண்டு. நிலம் சொந்தம் என்பதால் வாடகை கிடையாது. சம்பளம் வாங்கும் ஆள் கிடையாது, வாரத்தில் ஒரு நாள்தான் திறப்பது, அடுப்பில் இருப்பது டீத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் வீடு தாக்குப்பிடிக்கும். அரசியலிலும் ஏகப்பட்ட மாற்றம்: சுதந்திரத் தொழிலாளர் கட்சி 1932-ல் தொழிற்கட்சியை விட்டு வெளியேறியது, தேய்ந்தது, 1975-ல் கட்சியாக இருப்பதையே விட்டுவிட்டு வெளியீட்டு அமைப்பாக மாறியது. நெல்சனின் ஆலைகள் மூடின. இதில் எதுவும் வீட்டின் பட்டாவைத் தொடவில்லை.

இங்கிலாந்தில் இருக்கும் தமிழ் வாசகர்கள் மான்செஸ்டர் பக்கம் போனால் பார்த்துவிட்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்கும். நியூசர்ச், ரஃப்லீ என்ற இரண்டு கிராமங்களுக்கு இடையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, சைக்கிளில்தான் வர வேண்டும் என்றும் இல்லை. உள்ளே சுவரில் கீர் ஹார்டி போன்ற பழைய தொழிலாளர் தலைவர்களின் படங்களும் பதாகைகளும் இருக்கும். டீ போட்டுக் கொடுப்பவர் தொண்டர். சாப்பிட ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.